ஆற்றுக்கு இந்தப் பக்கம் புத்தாண்டு

கல்யாணமாகி நான் சுங்கை ரம்பாய்க்கு வந்த பிறகு வந்த முதல் ஜனவரி ஒன்றாம் தேதி, என் கணவர் வழக்கம்போல விடிவதற்கு முன்பே எழுந்து வேலைக்குக் கிளம்பினார். மூவாரில் நாற்காலி, மேசை செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. மூவார் அதிக தூரமில்லை. கெசாங் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஜொகூர் மாநிலம், அதற்கப்புறம் கொஞ்ச நேரம் மோட்டார் சைக்கிளில் போனால் போதும். ஆனால் புத்தாண்டுக்கு எங்கள் மலாக்காவில் பொது விடுமுறை உண்டு, ஜொகூரில் கிடையாது. அது எனக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் தெரிந்தது. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று நான் ஆசையாகக் கேட்டேன். அவர் புரியாமல் விழித்தார்.

"எங்க கிளம்பறது? நாளைக்கு எனக்கு வேலை லா" என்றார். "ஜொகூர்ல ஏது லீவு?"

ஆற்றுக்கு இந்தப் பக்கம் புத்தாண்டு, அந்தப் பக்கம் வெறும் வேலை நாள் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் பிறந்து வளர்ந்த, மலாக்கா டவுனுக்குக் கிட்ட இருக்கும் பத்து பெரண்டாமில் யாரும் இப்படி ஒரு சங்கதியைச் சொன்னதே இல்லை.

எங்கள் வீட்டில் ஜனவரி ஒன்று என்றால் கடல்தான். அப்பா இரும்புக் கடை முதலாளியான ஒரு தவுக்கேயிடம் லாரி ஓட்டினார். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் தவுக்கே லாரியை அப்பா கையில் விட்டுவிடுவார். முந்தின நாளே அப்பா லாரியின் பின்பக்கத்தைக் கழுவிப் பாய் விரித்து வைப்பார். காலையில் கோயிலில் ஓர் அர்ச்சனை முடிந்ததும் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஏறிக்கொள்வார்கள். ஒரு வீட்டில் அரிசிச் சேமியாவில் கிண்டிய மீகூன், ஒரு வீட்டில் கோழிக்கறி, இன்னொரு வீட்டில் வாளி நிறைய ஐஸ் போட்ட இனிப்புச் சீராப் தண்ணீர். தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் சாப்பாட்டைத் தொடக் கூடாது. பெரியவர், சின்னவர், பட்டுப் புடவை கட்டியவர் யாராக இருந்தாலும் கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் பசியாற வேண்டும். அது அப்பா வைத்த சட்டம். போன வருஷத்து அழுக்கு போகட்டும் என்பார். அம்மாவும் மற்றப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி ஊர்க்கதை பேசுவார்கள். அலை வந்து ஆளைத் தள்ளும்போது மட்டும் பேச்சு நிற்கும்.

அப்போது நானும் சும்மா இருந்தவள் இல்லை. சுதந்திர வாணிப வட்டாரத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பூதக்கண்ணாடிக்குக் கீழே முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்துப் பார்த்து ஒட்டும் வேலை. கல்யாணம் நிச்சயமானதும் அதை விட்டேன். சுங்கை ரம்பாயிலிருந்து தினமும் போய் வர முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சரி என்றேன்.

புகுந்த வீட்டில் மூன்றே பேர்: அவர், நான், அத்தை. மாமா போய்ச் சேர்ந்து நாளாகியிருந்தது. அத்தை தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டி அவரை வளர்த்தவர். டவுன் பக்கம் வீடு எடுத்த பிறகும் ஒரு சீனருடைய சின்ன ரப்பர்த் தோட்டத்துக்குக் காலையில் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். என்னைத் திட்டியதோ குறை சொன்னதோ கிடையாது. ஆனால் என்னிடம் என்ன வேலை சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை, என்ன வேலை செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. மூன்று பேர் துணியைத் துவைத்து, மூன்று பேருக்குச் சமைத்து முடித்துவிட்டால் பொழுது அப்படியே கிடக்கும். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். நடந்த இடத்திலேயே மறுபடியும் நடப்பேன்.

அன்று காலை அவரும் அத்தையும் போன பிறகு வானொலியைத் திருப்பினேன். வரிசையாகப் புத்தாண்டு வாழ்த்துகள். யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். துவைத்து முடித்தேன். தரையைத் துடைத்தேன். துடைத்ததையே இன்னொரு தடவை துடைத்தேன். இந்நேரம் லாரி கிளம்பியிருக்கும், இந்நேரம் அம்மா பாயில் இடம் போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பாள் என்று மனசு அங்கேயே ஓடியது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அத்தை வெட்டு முடிந்து ரப்பர்ப்பால் வாடையோடு வந்தார். கை கால் கழுவிவிட்டுத் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது, புத்தாண்டு வாழ்த்து சொன்னேன். அவர் கோப்பையிலிருந்து நிமிராமல், அது வெள்ளைக்காரன் வருஷம், நமக்குச் சித்திரைதான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்று வெயில் அதிகம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ ஒன்று அறுந்துவிட்டது.

"அத்தை, நான் தஞ்சோங் கிளிங் போயிட்டு வரேன். எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் அங்கதான் இருப்பாங்க."

"தனியாவா?"

"பஸ்ல போயிருவேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்து வந்து கொடுத்தார். அது சம்மதமா, போனால் போ என்பதா, எனக்கு விளங்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை அதையே யோசித்துக்கொண்டு நடந்தேன்.

விடுமுறை நாள் என்பதால் பஸ் லேசில் வரவில்லை. வந்தபோது உட்கார இடமில்லை. மெர்லிமாவ்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மலாக்கா டவுனில் இறங்கி, தஞ்சோங் கிளிங் போகும் பஸ்ஸுக்காக மறுபடியும் காத்திருந்தேன். சந்தோஷமாகப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது, வீட்டை விட்டு ஓடிப்போகிறவள் முகம்போல இருந்தது. கையில் ஒரு குடையும் சின்னப் பையும்தான். சாயங்காலம் திரும்புவேனா, அல்லது லாரியோடு அம்மா வீட்டுக்கே போய்விடுவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்டுக்கொண்டதே பயமாக இருந்தது.

கடற்கரையில் கூட்டம் இருந்தது. நாங்கள் எப்போதும் உட்காரும் பெரிய வாதுமை மரத்தடிக்கு நேராகப் போனேன். அங்கே ஒரு மலாய்க் குடும்பம் பாய் விரித்திருந்தது. சரி, வேறு இடத்தில் இருப்பார்கள் என்று கரையோரமாக நடந்தேன். நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. தூரத்தில் பச்சைப் புடவை ஒன்றைப் பார்த்து அம்மாதான் என்று ஓட்டமும் நடையுமாகப் போனால், திரும்பிப் பார்த்தது வேறு முகம். சாலையோரம் நின்ற லாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கள் லாரியின் நீலம் எதிலும் இல்லை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போய், வந்த வழியே திரும்பினேன். செருப்பில் மணல் புகுந்து காலை அறுத்தது.

நான் இப்படி அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்த, வாதுமை மரத்தடி மலாய்க் குடும்பத்து அம்மா கூப்பிட்டு, யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார். அப்பா அம்மாவை என்று சொன்னதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. காணாமல்போன பிள்ளைபோலப் பேசுகிறேனே என்று தோன்றியது. அவர் ஒரு கோப்பையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, நிழலில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ஆனால் உட்கார முடியவில்லை. ஒருவேளை வழியில் லாரிக்கு ஏதாவது ஆகியிருக்குமா? அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போயிருக்குமா? எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. அவசரத்துக்கு நாங்கள் கூப்பிடச் சொல்லும் மளிகைக்கடை அன்று மூடியிருக்கும். கடலில் கால்கூட நனைக்காமல் எழுந்து, மறுபடி டவுனுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து பத்து பெரண்டாமுக்குப் போனேன்.

எங்கள் வீடு பூட்டியிருந்தது. வரிசையில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடந்தன. பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வீட்டு அக்கா, கால் வீங்கியதால் எங்கும் போகாமல் வீட்டில் இருந்தவர், சத்தம் கேட்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"நீ இங்க என்ன பண்ற? உன்னப் பாக்கத்தானே எல்லாரும் லாரில சுங்கை ரம்பாய்க்குப் போயிருக்காங்க."

நான் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியாது. அக்கா உள்ளே கூப்பிட்டு, சாப்பிடச் சொல்லி, விவரத்தைச் சொன்னார். முதல் வருஷம் பெண் இல்லாமல் கடலுக்குப் போக அப்பாவுக்கு மனசு வரவில்லையாம். நாமே போய் அவளை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் எங்காவது கடலுக்குப் போவோம் என்று காலையில்தான் முடிவு செய்தார்களாம். நான் மெர்லிமாவ் பக்கம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோது எங்கள் லாரி எதிரே கடந்து போயிருக்க வேண்டும்.

இரண்டு வாய் சாப்பிட்டதும் சந்தோஷம் வடிந்து வேறு கவலை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கும் அத்தைக்கும் அவ்வளவாக ஆகாது. எங்கள் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சிலர் உட்கார்ந்தபோது பாயசம் தீர்ந்துபோய்விட்டது. அதை அத்தை பக்கத்தில் யாரோ பெரிதாகப் பேச, அம்மா பதிலுக்கு ஏதோ சொல்ல, அன்றிலிருந்து இருவரும் பார்த்தால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். இப்போது ஒரு லாரி ஆள் முன்னறிவிப்பு இல்லாமல் அத்தை வாசலில் போய் இறங்கியிருக்கிறது. அங்கே இன்று புத்தாண்டும் இல்லை, விருந்தும் இல்லை. பெண் எங்கே என்றால், பெண் உங்களைத் தேடிப் போய்விட்டாள் என்று சொல்ல வேண்டும். என்ன கொடுமை செய்தீர்கள் என்று அம்மா கேட்டிருப்பாள். அத்தை வாயைத் திறக்கவே மாட்டார். அது இன்னும் மோசமாகப் போயிருக்கும்.

திரும்பிப் போகும் பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். ஓட்டுநரை இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டு நானே ஓட்டலாமா என்றிருந்தது. எதிரே நீல லாரி வருகிறதா என்று வழி முழுக்க எட்டி எட்டிப் பார்த்தேன். இந்தத் தடவையும் தவறவிட்டுவிடக் கூடாது. காலையில் திரும்புவேனா என்று கேட்டுக்கொண்டவள், இப்போது சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமே என்று தவித்தேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்பியபோது லாரி வாசலில் நின்றது. மூச்சு வந்தது. கிட்டப் போனால் ஒரே சிரிப்புச் சத்தம். வீட்டுப் பக்கவாட்டில் எல்லாரும் நின்றிருந்தார்கள். அப்பா ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார், இடுப்புவரை கறுப்புச் சேறு. அவர் பக்கத்தில் இன்னும் சில ஆண்களும் அதே கோலத்தில். அத்தை கையில் ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராக முன்னால் வரச் சொல்லித் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். என் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துண்டுகளைக் கையில் வைத்திருந்தாள்.

என்ன நடந்தது என்பதை எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். லாரி வந்து நின்றதும் அத்தை முதலில் திகைத்துப் போயிருக்கிறார். பிறகு, பிள்ளை உங்களைத் தேடித்தான் போயிருக்கிறாள், காணவில்லை என்றால் தானே திரும்பி வருவாள், வந்தவர்கள் உட்காருங்கள் என்று சொல்லி உலை வைத்திருக்கிறார். அவர்கள் கொண்டுவந்த மீகூனும் கறியும் இருந்தும் விடவில்லை. அப்பா சும்மா இருக்காமல், இங்கே கடல் எங்கே, முழுக்குப் போடாமல் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறார். இங்கே குளிக்கிற கடல் இல்லை அண்ணே, சேறுதான் என்று அத்தை எவ்வளவோ சொல்லியிருக்கிறார். கேட்டால்தானே. கடைசியில் அத்தையே லாரியில் முன்னால் ஏறி உட்கார்ந்து வழி காட்டியிருக்கிறார். பாக்காவ் என்ற அலையாத்தி மரங்கள் சேற்றில் வேர் ஊன்றி நிற்கும் கரை அது. தண்ணீர் எங்கோ தூரத்தில் இறங்கிக் கிடந்தது. அப்பா இரண்டு அடி வைத்ததும் முழங்கால்வரை உள்ளே போனாராம். தூக்கிவிடப் போனவர்களும் போனார்களாம்.

இத்தனை மாதமாக அந்த வீட்டில் இருந்த எனக்கு, லாரி போகிற தூரத்தில் ஒரு கடல் இருப்பதே தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அம்மா என்னைத் தனியாக அடுப்படிக்கு இழுத்துப் போனாள். ஏதாவது சண்டையா, அடித்தாரா, பட்டினி போட்டார்களா என்று அடுக்கினாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். நம்பவில்லை. ஒன்றுமில்லாமலா புருஷன் வேலைக்குப் போன நேரத்தில் இவ்வளவு தூரம் தனியாக வருவாய் என்றாள். நிஜமாகவே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் என்னைத் துரத்தியது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அந்த நேரத்தில் வாசலில் மோட்டார் சத்தம். என் கணவர் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே கீழே போட்டுவிட்டுத் தலைக்கவசத்தோடு உள்ளே ஓடி வந்தார். வேலை முடிந்து வருகிறவர் கண்ணில் வாசலில் மாமனாரின் லாரியும், சந்து முழுக்க என் பக்கத்து ஆட்களும் பட்டால் என்ன நினைப்பார்?

"யாருக்கு என்னாச்சு?" என்றார். என்னைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துவிட்டார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, புத்தாண்டு என்று அப்பா சொன்னார். அவர் இன்னும் தலைக்கவசத்தைக் கழற்றாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நானும் அப்போதுதான் அன்று ஒழுங்காகச் சிரித்தேன்.

லாரியை வெளிச்சத்தோடு கொண்டுபோய் விட வேண்டும் என்று அப்பா அவசரப்படுத்தினார். கிளம்பும்போது அம்மா, நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போயேன் என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை பார்க்கவில்லை, குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இப்போது வேண்டாம், பிறகு வருகிறேன் என்றேன். அம்மா முகம் சுருங்கியது. ஆனால் லாரியில் ஏறும் முன்பு அத்தையிடம் போய், சாம்பார் நன்றாக இருந்தது சம்பந்தி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஏறினாள்.

அவர்கள் போன பிறகு நானும் அத்தையும் துடைப்பத்தால் வாசல் சேற்றைக் கழுவித் தள்ளினோம். பாதி கழுவியதும் அவரே பேச்செடுத்தார்.

"நீ போனதும் உள்ள போய் உன் பெட்டி இருக்கான்னு பாத்தேன்."

துடைப்பத்தை நிறுத்தினேன்.

"பெட்டி இருந்துச்சு. இருந்தாலும் மனசு கேக்கல. உங்க வீட்டு லாரியப் பாத்ததும், சரி, பெட்டிய எடுக்கத்தான் ஆளுங்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன்."

அப்படி நினைத்துக்கொண்டுதான் அவர் அவர்களை உட்காரச் சொல்லி உலை வைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரைச் சமாதானப்படுத்தப் பொய்யாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை அத்தை, நான் வேலைக்குப் போகணும் என்றேன். காலையிலிருந்து மனசு தேடியது இதைத்தான் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் தண்ணீரை வடிகாலுக்குத் தள்ளியபடி, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. நானும் இந்த வயசுல வீட்ல உக்கார முடியாமத்தான் வெட்டுக்குப் போறேன்" என்றார்.

என் கணவருக்கு முதலில் இஷ்டமில்லை. ஊர் என்ன சொல்லும் என்றார். இரண்டு பெண்கள் ஒரே பக்கமாக நின்றதில் அவர் பேச்சு எடுபடவில்லை. அந்த மாதக் கடைசிக்குள் மெர்லிமாவில் ஒரு சின்னத் தையல் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டேன். பள்ளிச் சீருடைக்குக் காலர் வைக்கும் வேலை. பழைய கம்பி வேலைக்கு முன்னால் அது முரட்டு வேலை. ஆனாலும் காலையில் போய் உட்கார ஓரிடம் கிடைத்தது.

பிறகு சித்திரை வந்தது. அத்தையின் வருஷப் பிறப்பு. அதற்கு ஆற்றுக்கு இந்தப் பக்கமும் லீவு இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. என் கணவர் கேட்டுப் பார்த்தார், கொடுக்கவில்லை. நான் வேலைக்குப் புதுசு என்பதால் கேட்கவே இல்லை. அன்று மட்டும் அத்தை வெட்டுக்குப் போகவில்லை. வெளியே கருக்கலாக இருந்தபோதே மூவரும் தலைமுழுகிச் சாமி கும்பிட்டோம். மாங்காய்ப் பச்சடியில் வெல்லம் கரைந்ததா என்று அத்தை என்னைத்தான் பார்க்கச் சொன்னார். கரையவில்லை. கரையும்வரை நிற்க நேரமும் இல்லை. வடையும் சர்க்கரைப் பொங்கலும் அரக்கப் பரக்க இலையில் விழுந்தன. என் கணவர் ஒரு கையில் வடையோடு மோட்டாரை உதைத்தார்.

நான் புதுப் புடவையைச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அத்தை சந்து முனைவரை பின்னாலேயே வந்து, பொங்கல் வைத்த தூக்குச் சட்டியை என் கையில் திணித்தார். தொழிற்சாலையில் என் மேற்பார்வையாளரான சீனப்பெண் புடவையைப் பார்த்து, இன்று என்ன விசேஷம் என்று கேட்டாள். புத்தாண்டு என்றேன். ஜனவரியில்தானே புத்தாண்டு வந்தது, எங்களுடையதும் முடிந்துவிட்டது, உங்களுக்கு இன்னும் ஒன்றா என்று சிரித்தாள். நான் தூக்குச் சட்டியைத் திறந்து அவளுக்கு ஒரு கரண்டி பொங்கல் வைத்தேன். இனிப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டே தின்றாள். மணி அடித்தது. கையைக் கழுவிவிட்டு, அன்றைக்கு வைக்க வேண்டிய காலர்களை எடுத்து இயந்திரத்தின் முன்னால் அடுக்கினேன்.